கட்டடக்கலை நெறிகளும் பயனர் இடைமுக வடிவமைப்பும்

கணினி, கைபேசி, வலைத்தளம் போன்றவற்றில் மனிதர் பார்த்தும் தொட்டும் இயக்கும் பகுதி பயனர் இடைமுகம் எனப்படுகிறது. கட்டடங்களையும் ஊர்களையும் அமைப்பதற்கென வகுக்கப்பட்ட நெறிகளை இத்தகைய இடைமுகங்களின் ஆக்கத்துக்கும் பயன்படுத்தும் முயற்சி 1960களின் இறுதியில் இருந்து தொடர்ந்து நடைபெற்று வருகின்றது. இம்முயற்சிகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். கட்டடத்தின் தோற்றத்தைத் திரையில் வரைந்து காட்டுவது ஒரு வகை. கட்டடத்தின் பகுதிகள் எதனால் அவ்வாறு அமைந்தன என்னும் காரணத்தை எடுத்துக்கொள்வது மற்றொரு வகை. முதல் வகை பெரும்பாலும் தோல்வியில் முடிந்தது. இரண்டாம் வகை இன்று இடைமுக வடிவமைப்பின் பொது அறிவாகிவிட்டது. ஆயினும், குடியிருப்பவரே தம் வீட்டை வடிவமைக்க வேண்டும் என்ற அதன் மூலக் கருத்து வழியிலேயே விடுபட்டுவிட்டது எனலாம். இந்நெறிகளை விளக்க, தமிழ்நாட்டின் திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள பட்டு நெசவூரான ஆரணியின் தறிவீடு இக்கட்டுரையில் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

ஒப்புமையின் அடிப்படை

ஓவியத்தைப் பார்க்கிறோம், வீட்டில் வாழ்கிறோம். வீட்டில் நடமாடும் ஒருவர் ஒவ்வொரு முறையும் வழியை ஆராய்வதில்லை. விளக்கின் விசை எங்குள்ளது, தண்ணீர்ப் பானை எங்குள்ளது என்பன உடலுக்கே பழகிவிடுகின்றன. நாள்தோறும் பயன்படும் மென்பொருளும் இத்தகையதே. இதனால்தான் மென்பொருள் துறையினர் ஓவியக்கலையை விடக் கட்டடக்கலையைத் தமக்கு நெருக்கமானதாகக் கருதினர்.

கி.மு. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியசு, நல்ல கட்டடத்துக்கு உறுதி, பயன், அழகு ஆகிய மூன்றும் வேண்டும் என்று எழுதினார். லோட்டசு 1-2-3 என்னும் விரிதாள் மென்பொருளை வெளியிட்ட நிறுவனத்தைத் தொடங்கிய மிட்ச் கபோர், 1990 ஆம் ஆண்டு வெளியிட்ட மென்பொருள் வடிவமைப்பு அறிக்கையில் இம்மூன்றையும் மென்பொருளுக்குப் பொருத்திக் காட்டினார். வீடு கட்ட விரும்புபவர் முதலில் பொறியாளரை அல்ல, கட்டடக் கலைஞரையே நாடுகிறார். மென்பொருளிலோ கட்டுபவரே வடிவமைப்பாளராகவும் இருந்துவிடுகிறார் என்பது அவருடைய குறை. 1988 ஆம் ஆண்டு வெளிவந்த டொனால்ட் நார்மனின் நூலும் கதவில் இருந்தே பல பாடங்களைப் பெறுகின்றது. தள்ள வேண்டிய கதவில் இழுக்கும் கைப்பிடி இருந்தால், அதன் மேல் "தள்ளவும்" என்று எழுதி ஒட்ட வேண்டியதாகிறது. அப்படி எழுத நேர்வதே வடிவமைப்பின் பிழைக்குச் சான்று என்பது அவர் கருத்து.

வேறுபாடுகளும் உண்டு. திரைக்குப் புவியீர்ப்பு இல்லை, வெயில் இல்லை, மழை இல்லை. வீட்டுச் சுவரை ஓர் இரவில் நகர்த்த முடியாது; மென்பொருளின் சுவரை ஒரே இற்றைப்படுத்தலில் நகர்த்திவிடலாம். இது வசதி போலத் தோன்றினாலும், உடலுக்குப் பழகிய வழியை ஒவ்வொரு முறையும் அழிப்பதற்கு இதுவே காரணமாகிறது.

தோற்றத்தைக் கடன்பெற்ற முயற்சிகள்

கட்டடக்கலை பயின்ற நிக்கலசு நெக்ரோபாண்டி 1967 ஆம் ஆண்டு மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் கட்டடக்கலை இயந்திரக் குழுவை அமைத்தார். 1970களின் பிற்பகுதியில் அக்குழு, தகவல்களை ஒரு நிலப்பரப்பில் பரப்பி வைத்து, பயனர் அதன் மேல் நகர்ந்து சென்று தேடும் ஓர் அமைப்பை உருவாக்கியது. ஒரு பொருளை அதன் பெயரால் அன்றி, அது இருக்கும் இடத்தால் நினைவுகூர்வது மனிதருக்கு இயல்பு என்பதே இதன் அடிப்படை. இம்முயற்சியில் உண்மையான கருத்து ஒன்று இருந்தது.

பின்வந்த சில முயற்சிகளில் அக்கருத்து மறைந்து படம் மட்டும் எஞ்சியது. ஜெனரல் மேஜிக் நிறுவனம் 1994 இல் வெளியிட்ட மேஜிக் கேப் என்ற கையடக்கக் கருவி மென்பொருளில், பயனர் தம் மேசையில் இருந்து நடைக்கூடத்துக்கும் அங்கிருந்து தெருவுக்கும் செல்ல வேண்டும். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1995 இல் வெளியிட்ட பாப் என்ற மென்பொருள், வீட்டு அறைகளைத் திரையில் வரைந்து, அறையில் கிடக்கும் பொருள்களைச் சொடுக்கினால் செயலிகள் திறக்குமாறு அமைக்கப்பட்டது. அது நெடுநாள் நீடிக்கவில்லை. நடைக்கூடம் வீட்டில் இருப்பதற்குக் காரணம் உண்டு. அறைகளுக்கு இடையில் தொலைவு இருக்கிறது. திரையில் தொலைவு இல்லாதபோது நடைக்கூடத்தை வரைவது, இல்லாத சிரமத்தைப் புதிதாக உண்டாக்குவதாகும்.

பாவ்ரா சிற்றூர்

காரணத்தை எடுத்துக்கொள்ளும் வழியின் தொடக்கம் இந்தியாவோடு தொடர்புடையது என்பது பலரும் அறியாத செய்தி. கிறித்தோபர் அலெக்சாண்டர் (1936–2022) வியன்னாவில் பிறந்து, கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தில் கணிதமும் கட்டடக்கலையும் பயின்றவர். ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வை மேற்கொண்ட காலத்தில், 1960களின் தொடக்கத்தில், குசராத்தில் உள்ள பாவ்ரா என்ற சிற்றூரில் சில மாதங்கள் தங்கியிருந்தார். அங்கு ஒரு பள்ளிக் கட்டடத்தையும் கட்டினார்.

1964 ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய முதல் பெரும் நூல் வடிவத்தின் தொகுப்பாக்கத்தைப் பற்றியது. அந்நூலின் பின்னிணைப்பில், 600 பேர் வாழும் ஓர் இந்திய வேளாண் சிற்றூரை மறுசீரமைப்பது எவ்வாறு என்று செய்து காட்டியுள்ளார். ஊரின் தேவைகள் 141 எனப் பட்டியலிடப்பட்டன. கால்நடை, நீர், விதை, எரிபொருள் ஆகியவற்றோடு சாதி வேற்றுமையும், ஊரில் உள்ள பிரிவினர் ஒருவரோடொருவர் பழக விரும்பாமையும் அப்பட்டியலில் இடம்பெற்றன. எந்தத் தேவை எதனோடு பிணைந்துள்ளது என்று குறித்து, நெருக்கமாகப் பிணைந்தவற்றைக் கணினியின் துணையோடு தனித்தனிக் குழுக்களாக அவர் பிரித்தார். பெரிய சிக்கலை ஒன்றையொன்று குறைவாகச் சார்ந்த சிறிய சிக்கல்களாக உடைக்கும் இம்முறை, அக்கால மென்பொருள் அறிஞர்களை ஈர்த்ததில் வியப்பில்லை.

அந்நூலில் மற்றொரு கருத்தும் உண்டு. சில பண்பாடுகளில் வீட்டைக் கட்டுபவரும் அதில் வாழ்பவரும் ஒருவரே. கூரை ஒழுகினால் அவரே ஏறிச் சரிசெய்கிறார். பொருந்தாத இடம் உடனுக்குடன் திருத்தப்படுவதால், யாரும் தனியாக "வடிவமைக்காமலேயே" வீடு வாழ்வுக்குப் பொருந்தி வருகிறது. வடிவமைப்பு ஒரு தனித்தொழிலாகிப் போன பண்பாடுகளில் பொருந்தாமையை உணர்பவர் ஒருவர், திருத்தும் அதிகாரம் உடையவர் வேறொருவர். மென்பொருள் உலகம் முழுவதும் இவ்விரண்டாம் நிலையிலேயே உள்ளது.

அமைவு மொழி

தம் கணித முறையை அலெக்சாண்டர் பின்னர் தாமே கைவிட்டார். அவரும் சாரா இசிகாவா, மரே சில்வர்சுடைன் முதலியோரும் இணைந்து 1977 இல் "எ பாட்டர்ன் லாங்குவேஜ்" என்ற நூலை வெளியிட்டனர். இதனை அமைவு மொழி எனத் தமிழில் கூறலாம். பல்வேறு வாழ்விடங்களில் திரும்பத் திரும்பத் தோன்றும் சிக்கல் ஒன்றும், அதற்குப் பொருந்திவரும் தீர்வு ஒன்றும் சேர்ந்தது ஓர் அமைவு ஆகும். நூலில் மண்டலம், நகரம் முதல் சன்னல், இருக்கை வரை 253 அமைவுகள் உள்ளன. ஒவ்வொன்றும் தனக்கு மேலுள்ள பெரிய அமைவுகளையும் கீழுள்ள சிறிய அமைவுகளையும் சுட்டுகிறது. ஆசிரியர்கள் தம் உறுதியின் அளவை உடுக்குறிகளால் குறித்துள்ளனர். இரண்டு உடுக்குறி பெற்றது ஐயமற்றது, ஒன்றும் பெறாதது இன்னும் தேடலில் உள்ளது. தொழில்நுட்ப நூல்களில் இத்தகைய நேர்மை அரிது.

பொறியாளருக்கோ கட்டடக் கலைஞருக்கோ என்று மட்டும் இந்நூல் எழுதப்படவில்லை. எந்தக் குடும்பமும் தனக்கு வேண்டிய அமைவுகளைத் தேர்ந்து கோத்து, ஒரு வாக்கியம் அமைப்பது போலத் தன் வீட்டை அமைத்துக்கொள்ளலாம் என்பதே இதன் நோக்கம். மொழி என்று பெயரிட்டதன் காரணமும் இதுவே.

ஆரணித் தறிவீடு

ஆரணி கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஊர். இங்கு நெய்யப்படும் பட்டு புவியியல் சார்குறியீடு பெற்றுள்ளது. காஞ்சிபுரம் உள்ளிட்ட இப்பகுதியின் மற்ற பட்டு நெசவூர்களைப் போலவே இங்கும் நெசவு நெடுங்காலம் வீட்டுத் தொழிலாக இருந்து வந்துள்ளது. பழைய தறிவீடு, அலெக்சாண்டர் கூறும் தானே பொருந்திவரும் வீட்டுக்கு நல்ல எடுத்துக்காட்டு. வீட்டுக்கு வீடு மாறுபாடு இருப்பினும் பொதுவான சில கூறுகளைக் காணலாம்.

தெருவில் இருந்து நேரே கூடத்துக்குள் நுழைவதில்லை. முதலில் திண்ணை, அதன்பின் நடை, அதன்பின் கூடம், அதற்கும் அப்பால் அடுக்களை, கடைசியில் தோட்டம். வழிப்போக்கர் திண்ணை வரை வரலாம். பாவும் பட்டும் கொண்டு வருபவர், சேலையைப் பார்வையிட வருபவர் தறி வரை வரலாம். உறவினர் அடுக்களை வரை வரலாம். அமைவு மொழி நூலில் 112 ஆவது அமைவான நுழைவு மாற்றமும், 127 ஆவது அமைவான நெருக்கப் படிநிலையும் கூறுவது இதனையே.

இடைமுக வடிவமைப்பில் இவ்விரண்டும் பெரிதும் பயன்பட்டன. ஒரு வலைத்தளத்தின் முதற்பக்கம் திண்ணை போன்றது. யார் வேண்டுமானாலும் வந்து அமரலாம். பெயரும் கடவுச்சொல்லும் கேட்கக் கூடாது. கணக்கு விவரம், பணம் செலுத்துதல் போன்றவை உள்ளறைகள். வந்தவுடன் கைபேசி எண்ணைக் கேட்கும் தளம், திண்ணை இல்லாத வீட்டை ஒத்தது. மென்பொருளின் அமைப்புகளில், அன்றாடம் தேவைப்படுபவை முன்னும், அரிதாகத் தேவைப்படுபவையும் தவறாகத் தொட்டால் தீங்கு விளைவிப்பவையும் உள்ளேயும் இருக்க வேண்டும் என்ற விதியும் இப்படிநிலையே.

கூடத்தில் பெரும்பங்கைத் தறி எடுத்துக்கொள்கிறது. குழித்தறியில் நெசவாளர் தரைமட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதிகளை இயக்குகிறார். கைகளுக்கு நாடாவும், கால்களுக்கு மிதியும், கண்ணுக்கு நெய்து முடிந்த விளிம்பும் எட்டும் தொலைவில் உள்ளன. எழுந்து சென்று எடுக்க வேண்டியது எதுவும் இல்லை. தார் சுற்றும் வேலையை வீட்டுப் பெண்களும் முதியோரும் தறிக்கு அருகிலேயே செய்கின்றனர். சுற்றிய தார் கைமாற அதிக நேரம் ஆவதில்லை. உடலும் கரையும் வேறு நிறமாக வரும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்களும் உதவிக்கு இன்னொருவரும் தேவை. அவ்வுதவியாளருக்குத் தறியின் ஓரத்தில் இடம் விடப்பட்டிருக்கும். வேலைக்கு ஒன்றுசேர வேண்டியவை இடத்திலும் ஒன்றுசேர்ந்திருக்க வேண்டும் என்பது இடைமுகத்திலும் முதன்மையான விதி. ஒரு படிவத்தை நிரப்புவதற்கு வேண்டிய தகவல் மற்றொரு சாளரத்தில் இருந்தால், பயனர் அதனைத் தாளில் குறித்துக்கொண்டு வருகிறார். பல அலுவலகங்களில் கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருக்கும் சிறுதாள்கள், அந்த மென்பொருளில் இல்லாமற்போன திண்ணைகளும் மாடங்களும் எனலாம்.

வெளிச்சம் மற்றொன்று. பட்டிழையின் நிற வேறுபாட்டையும் அறுந்த இழையையும் பகல் ஒளியில் காண்பது எளிது. ஆகவே சன்னலும் கூரைத் திறப்பும் தறியை ஒட்டியே அமைகின்றன. ஒவ்வோர் அறைக்கும் இருபுறம் ஒளி வேண்டும் என்பது நூலின் 159 ஆவது அமைவு. திரைக்கு வெயில் இல்லை என்று மேலே கூறப்பட்டது. ஆனால் கவனம் செல்ல வேண்டிய இடத்தில் எழுத்தின் நிறமும் பின்னணியும் தெளிவாக வேறுபட வேண்டும் என்ற தேவை, இதனோடு ஒப்பிடத்தக்கது.

தறிவீட்டைக் குறையற்றதாகக் காட்டுவது சரியன்று. மழைக்காலத்தில் குழிக்குள் நீர் ஊறினால் வேலை நின்றுவிடும். தறி ஓடும் கூடத்திலேயே உண்ணவும் உறங்கவும் பிள்ளைகள் படிக்கவும் வேண்டியிருப்பதால் ஓசையும் தூசியும் குடும்பம் முழுவதையும் சேர்கின்றன. இருப்பினும், தறிக்கு இடமில்லாத ஒரு நவீன அடுக்கக வீட்டை நெசவாளருக்குக் கொடுத்தால் அது அவருடைய பிழைப்பையே பறிப்பதாக முடியும். நெசவாளருக்கெனத் தொழிற்கூடத்துடன் சேர்ந்த வீடு கட்டித்தரும் அரசுத் திட்டங்கள் இத்தேவையை உணர்ந்து எழுந்தவையே. அமைவு மொழி நூலும் வீட்டுத் தொழிற்கூடத்தைத் தனியோர் அமைவாக (157) வைத்துள்ளது.

1987 சோதனை

மென்பொருளில் அமைவு மொழியை முதன்முதலில் செய்துபார்த்தவர்கள் வார்டு கன்னிங்காமும் கென்ட் பெக்கும் ஆவர். இருவரும் அமெரிக்காவின் டெக்ட்ரானிக்சு நிறுவனத்தோடு தொடர்புடையவர்கள். குறைகடத்திச் சோதனைக் கருவி ஒன்றுக்கான இடைமுகத்தை வடிவமைப்பதில் ஒரு குழு இடர்ப்பட்டது. இவ்விருவரும் வழக்கத்துக்கு மாறாக, கருவியைப் பயன்படுத்துவோர் சார்பில் வந்தவர்களிடமே அப்பணியை ஒப்படைத்தனர். அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டவை 5 அமைவுகள் மட்டுமே.

ஒவ்வொரு பணிக்கும் ஒரு சாளரம் என்பது முதலாவது. ஒரு சாளரத்துக்குள் பலகங்கள் சிலவே இருக்கட்டும் என்பது அடுத்தது. பலகங்கள் எல்லோரும் அறிந்த பொது வகைகளாகவே இருக்க வேண்டும். பட்டிகள் குறுகியவையாக இருக்க வேண்டும். நிலைத்திருக்கும் பொருள்களைப் பட்டியலாகவும், அவற்றின் மேல் செய்யும் செயல்களைப் பட்டியாகவும், அதாவது பெயர்ச்சொல்லையும் வினைச்சொல்லையும் பிரித்து, அமைக்க வேண்டும். இவற்றின் வரிசையும் முக்கியமானது. பணிகள் எவை என்று முடிவு செய்யாமல் பலகங்களைப் பற்றிப் பேச முடியாது. முதலில் தறி எங்கே என்று முடிவு செய்து, அதன்பின் சன்னலைப் பற்றிப் பேசுவது போன்றது இது.

குறுகிய காலத்திலேயே பயன்படுத்துவோர் எளிமையான, ஒழுங்கான ஓர் இடைமுகத்தை வடிவமைத்துவிட்டனர். இதனை 1987 ஆம் ஆண்டு ஊப்சுலா மாநாட்டில் இருவரும் சுருக்கமாக அறிவித்தனர். கணினியைப் பயன்படுத்துவோரே தமக்கான மென்பொருளை வடிவமைக்கும் காலம் வரும் என்ற நம்பிக்கையையும் அவர்கள் வெளியிட்டனர்.

பிற்கால வளர்ச்சியும் விடுபட்ட பகுதியும்

அதன்பின் நடந்தது வேறு. எரிக் காமா முதலிய நால்வர் 1994 இல் வெளியிட்ட வடிவமைப்பு அமைவுகள் பற்றிய நூல் நிரலாளர்களின் கைந்நூலாகப் புகழ்பெற்றது. அதில் அமைவுகள் நிரலாளர் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழியாயின. பயனருக்கு அதில் இடமில்லை. 1996 இல் ஊப்சுலா மாநாட்டில் உரையாற்ற அழைக்கப்பட்ட அலெக்சாண்டர், மென்பொருள் துறையினர் தம் வடிவத்தை எடுத்துக்கொண்டது மகிழ்ச்சியே என்றாலும், அவர்கள் ஆக்கும் பொருள்கள் மனிதரின் வாழ்வை மேம்படுத்துகின்றனவா என்ற அறம் சார்ந்த கேள்வியை அங்கே காணவில்லை என்ற பொருளில் பேசினார்.

இடைமுகத் துறையில் ஜெனிஃபர் டிட்வெல் 1990களின் இறுதியில் ஓர் அமைவுத் தொகுப்பை இணையத்தில் வெளியிட்டார். அது 2005 இல் நூலாக விரிவடைந்தது. யாகூ நிறுவனம் 2006 இல் தன் அமைவு நூலகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. இன்று பெருநிறுவனங்கள் வெளியிடும் வடிவமைப்பு முறைமைகளும் இவற்றின் வழிவந்தவையே. இவற்றால் விளைந்த நன்மை பெரிது. ஒரு தளத்தில் பழகியவர் மற்றொரு தளத்தில் தடுமாறுவது குறைந்தது. ஆனால் இத்தொகுப்புகள் யாவும் வடிவமைப்பாளருக்காக எழுதப்பட்டவை. திரையின் முன் அமர்பவர் தமக்கு வேண்டாத பொத்தானை அகற்றவோ, தம் வேலைக்கேற்ப இடம் மாற்றவோ பெரும்பாலும் வழியில்லை.

விதிவிலக்குகள் உள்ளன. 1979 இல் விசிகால்க்குடன் தொடங்கிய விரிதாள், வெற்று மனையைப் போன்றது. கணக்கரும் ஆசிரியரும் கடைக்காரரும் அதில் தமக்கு வேண்டியதைக் கட்டிக்கொள்கின்றனர். கட்டடக்கலையில் இதற்கு இணையாகப் பாலகிருட்டிண தோசி இந்தூரில் 1980களில் அமைத்த ஆரண்யா குடியிருப்பைக் கூறலாம். அங்கு பெரும்பாலான குடும்பங்களுக்கு முழு வீடு தரப்படவில்லை. மனையும் அடித்தளமும் நீர், கழிப்பிட வசதியும் தரப்பட்டன. எஞ்சியதைக் குடும்பங்கள் தத்தம் வருவாய்க்கும் தொழிலுக்கும் ஏற்ப எழுப்பிக்கொண்டன.

மற்றொரு விதிவிலக்கு வார்டு கன்னிங்காமே உருவாக்கியது. மென்பொருள் அமைவுகளைப் பலரும் சேர்ந்து எழுதித் திருத்துவதற்காக அவர் 1995 இல் விக்கி என்ற இணையத்தள வகையைத் தொடங்கினார். படிப்பவரே பக்கத்தைத் திருத்தலாம் என்ற அதன் நெறி, கூரை ஒழுகினால் குடியிருப்பவரே ஏறிச் சரிசெய்யும் நெறிதான். 2001 இல் விக்கிப்பீடியாவும், 2003 இல் தமிழ் விக்கிப்பீடியாவும் அவ்வழியிலேயே தொடங்கின.

ஊரும் வலைத்தளமும்

வீட்டிலிருந்து ஊருக்குச் சென்றால் கெவின் லிஞ்சைக் குறிப்பிட வேண்டும். 1960 இல் வெளியான அவருடைய நூல், பாசுடன் உள்ளிட்ட மூன்று அமெரிக்க நகரங்களில் மக்கள் தம் ஊரை மனத்தில் எவ்வாறு வரைந்து வைத்துள்ளனர் என்று ஆராய்ந்தது. வழி, விளிம்பு, வட்டாரம், சந்தி, அடையாளம் ஆகிய ஐந்தும் அம்மனப்படத்தின் உறுப்புகள். ஆரணிக்குப் பொருத்தினால் ஆறு விளிம்பு, கோட்டைப் பகுதி வட்டாரம், பேருந்து நிலையம் சந்தி, கோயில் கோபுரம் அடையாளம் எனக் கொள்ளலாம். பெரிய வலைத்தளங்களில் பயனர் வழி தவறாதிருக்க, தலைப்பட்டையும் வழித்தடக் குறிப்பும் பகுதிக்கொரு நிறமும் இவ்வுறுப்புகளின் இடத்தில் நிற்கின்றன. தகவல் கட்டடக்கலை என்னும் சொற்றொடரைப் பரப்பிய ரிச்சர்டு சால் வர்மனும் கட்டடக்கலை பயின்றவரே. 1976 இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகத்தின் மாநாட்டுக்கு அவர் தகவலின் கட்டடக்கலை என்பதையே பொருளாக வைத்தார்.

அலெக்சாண்டர் 1965 இல் எழுதிய ஒரு கட்டுரை, நகரம் மரவடிவம் அன்று என வாதிடுகிறது. மரவடிவில் ஒவ்வொரு கிளையும் ஒரே ஒரு தாய்க்கிளையைச் சேரும். உண்மையான ஊரில் ஓர் இடம் பலவற்றைச் சேர்ந்திருக்கும். நெசவூர்த் தெருவே இதற்குச் சான்று. காலையில் பாவு விரிக்குமிடம், பிறகு வண்டிப் பாதை, மாலையில் பிள்ளைகள் விளையாடுமிடம், திருவிழாவில் தேர் செல்லும் வழி. திட்டமிட்ட நகரங்கள் இவற்றைத் தனித்தனியே பிரித்து உயிரிழக்கின்றன என்பது அவர் குற்றச்சாட்டு. கணினிக் கோப்புறைகளும் பல அடுக்குப் பட்டிகளும் மரவடிவமே. ஒரு கோப்பு "சேலை" உறையிலும் "கணக்கு" உறையிலும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்று விரும்புபவருக்கு அவை உதவுவதில்லை. குறிச்சொற்களும் தேடுபொறிகளும் இக்குறையை ஓரளவு நீக்கின.

தறியே இடைமுகமாக

நெசவுத்தறி இக்கட்டுரைக்கு உவமையாக மட்டும் வரவில்லை. பிரான்சைச் சேர்ந்த யோசப் மரி ஜக்கார்டு 1804 ஆம் ஆண்டளவில் நிறைவுசெய்த கருவியில், துளையிட்ட அட்டைகள் எந்தப் பாவிழை எழ வேண்டும் என்பதை முடிவு செய்கின்றன. இதே துளையட்டை பின்னர் சார்லசு பாபேசின் பகுப்புப் பொறித் திட்டத்திலும், கணினிகளின் உள்ளீட்டிலும் இடம்பெற்றது.

பட்டு நெசவூர்களில் தறியின் மேல் ஏற்றப்படும் ஜக்கார்டு பெட்டியும், அதில் தொங்கும் அட்டைக் கோவையும் நல்ல இடைமுகத்தின் சில இயல்புகளைக் கொண்டவை. எத்தனையாவது அட்டை ஓடுகிறது என்று கண்ணால் காணலாம். பிழை நேர்ந்தால் ஊடையைப் பிரித்து, அட்டையைக் கையால் பின்னோக்கித் திருப்பி, விட்ட இடத்தில் இருந்து தொடரலாம். இடைமுக வடிவமைப்பாளர்கள் பிற்காலத்தில் "செயல்தவிர்" என்று பெயரிட்டதை நெசவாளர் கையால் செய்து வந்தார். கிழிந்த அட்டையை மட்டும் மாற்றலாம். முழுக் கோவையையும் புதிதாக அடிக்க வேண்டியதில்லை.

மின்னணு ஜக்கார்டில் அட்டைக்கு மாற்றாகக் கணினிக் கோப்பு வருகிறது. பூவேலையைக் கணினியில் வரைவது வேறொருவர். புதிய வடிவத்துக்கு நூற்றுக்கணக்கான அட்டைகளை அடிக்கும் செலவும் காலமும் மிச்சமாகின்றன. இது சிறிய நன்மை அன்று. அதே வேளையில் அட்டையில் கண்ணுக்குத் தெரிந்தது பெட்டிக்குள் மறைகிறது. ஆகவே அதன் சிறு திரையில் இப்போது ஓடும் வரியின் எண், பின்செல்லும் பொத்தான், மின்சாரம் நின்று வந்தபின் விட்ட இடத்தில் தொடரும் வசதி ஆகியவை இன்றியமையாதன. அத்திரையில் உள்ள சொற்கள் தறியில் அமர்ந்திருப்பவர் அறிந்த மொழியில் இருப்பதும், குழியில் கால்விட்டு அமர்ந்த நிலையில் பொத்தான்கள் கைக்கு எட்டுவதும் அவ்வாறே. இவற்றை முடிவு செய்யும் இடத்தில் நெசவாளர் இருக்கிறாரா என்பதே 1987 சோதனை எழுப்பிய கேள்வி.

விமர்சனங்கள்

கட்டடக்கலை ஒப்புமையை ஏற்காதவர்களும் உள்ளனர். கட்டடம் நூறாண்டு நிற்கும். மென்பொருள் சில ஆண்டுகளில் மாறும். ஆகவே மெல்லத் திருத்தப்பட்டுப் பொருந்திவரும் மரபு மென்பொருளில் உருவாக நேரமில்லை என்பது ஒரு வாதம். அமைவுகள் உலகம் முழுவதற்கும் பொதுவானவை என்ற அலெக்சாண்டரின் கூற்றைக் கட்டடக்கலைத் துறையிலேயே பலர் மறுத்துள்ளனர். மேலும், மரபுவழிப் படிநிலையைப் புகழும்போது, யார் எந்த எல்லை வரை வரலாம் என்பதைச் சாதியும் வகுத்தது என்பதை மறக்கக் கூடாது. திண்ணையைத் தாண்ட விடப்படாதவர்களும் இருந்தனர். பாவ்ரா பட்டியலில் அலெக்சாண்டர் இதனை ஒரு தேவையாகக் குறித்தாரே அன்றி, அது நீங்க வேண்டியதா என்று தம் முறைக்குள் கேட்க இயலவில்லை.

தமிழ் இடைமுகங்களைப் பொறுத்தவரை நடைமுறைச் சிக்கல் ஒன்றும் உண்டு. ஆங்கிலச் சொல்லின் அகலத்துக்கு அளந்து கட்டிய பொத்தானில் தமிழ்ச் சொல் அடங்குவதில்லை. "அறிவிப்புகள்" பாதியில் வெட்டப்படுகிறது. மேலும் கீழும் குறிகள் பெறும் கீ, கூ போன்ற எழுத்துக்களுக்கு வரி இடைவெளியும் போதுவதில்லை. மொழிபெயர்ப்பாளர் வேறு சொல் தேடுவதால் இது எப்போதும் தீர்வதில்லை. சுவரைக் கட்டும் முன்பே உள்ளே வரவிருக்கும் தறியின் நீளத்தை அளந்திருக்க வேண்டும்.